17 ஆண்டுக் கணக்கும் மாறிவரும் மண்ணும்

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வாழும் மேஜிசிக்காடா பேரினத்துச் சில்வண்டுகள் பூச்சி உலகிலேயே மிக நீண்ட காலம் உயிர் வாழ்பவற்றுள் அடங்கும். அந்த வாழ்நாளில் ஏறத்தாழ முழுவதும் மண்ணுக்குள்ளேயே கழிகிறது. வடபகுதியில் இருப்பவை 17 ஆண்டுகளும், தெற்கிலும் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியிலும் இருப்பவை 13 ஆண்டுகளும் மரவேர்களில் சாறு உறிஞ்சி வளர்கின்றன. கடைசி ஆண்டு வசந்தத்தில் எல்லாம் ஒன்றாக மேலே வந்து, மூன்று நான்கு வாரம் பாடி, இணை சேர்ந்து, முட்டையிட்டு மடிகின்றன. நம் மலைக்காடுகளில் கேட்கும் சில்வண்டுகளும் மண்ணுக்குள் வளர்ந்து வருபவையே. ஆனால் அவற்றில் ஒரு பகுதி ஆண்டுதோறும் முதிர்வதால் ஓசை எந்த ஆண்டும் நின்றுபோவதில்லை. மேஜிசிக்காடாவில் ஓரிடத்துப் பூச்சிகள் அனைத்தும் ஒரே வயதுடையவை. ஒருமுறை வந்து போனால், அந்த ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை மறுபடி வராது.

இந்தப் பேரினத்தில் ஏழு சிற்றினங்கள் உண்டு. மூன்று 17 ஆண்டுக் கணக்கிலும் நான்கு 13 ஆண்டுக் கணக்கிலும் வாழ்பவை. ஒரே ஆண்டில் வெளிவரும் பூச்சிகளின் தொகுதியை ஓர் அணி என்று கொண்டு, ஒவ்வோர் அணிக்கும் ரோமன் எண் இடும் முறையை 1898இல் சார்ல்ஸ் மார்லட் என்ற பூச்சியியலாளர் வகுத்தார். இன்று 15 அணிகள் உயிரோடிருக்கின்றன. 12 அணிகள் 17 ஆண்டுக் கணக்குள்ளவை. மூன்று 13 ஆண்டுக் கணக்குள்ளவை. வெவ்வேறு சிற்றினங்கள் ஓர் அணிக்குள் கலந்து, ஒரே நாட்களில் ஒரே காட்டில் வெளிவருகின்றன.

மனிதர்கள் இவற்றைக் கணக்கு வைத்துக் கவனித்த காலம் நீண்டது. 10ஆம் அணி 1715இல் பிலடெல்பியாவில் வெளிவந்ததை ஒரு பாதிரியார் குறித்து வைத்தார். 1749இல் அதே அணியை அங்கே கண்டவர் லின்னேயஸின் மாணவரான பேர் கால்ம். அவர் தந்த செய்தியின் தொடர்ச்சியாக 1758இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதே 1749இல் மேரிலாந்தில் இந்தப் பூச்சிப் பெருக்கைப் பார்த்த இளைஞர் பெஞ்சமின் பேனெக்கர். கறுப்பினத்தைச் சேர்ந்த அந்த வானியல் அறிஞர் 1766, 1783 ஆண்டுகளிலும் அவற்றைக் கண்டு, 17 ஆண்டுச் சுழற்சி என்பதைத் தாமாகவே கணித்து, 1800இல் மறுபடி வரும் என்று எழுதி வைத்தார். அவர் எதிர்பார்த்தபடியே வந்தன. இத்தகைய பழைய குறிப்புகள் இன்று விலைமதிப்பற்றவை. ஓர் அணியின் இரண்டு மூன்று வருகைகளுக்கு மேல் எந்த ஆய்வாளரும் தம் பணிக்காலத்தில் பார்க்க முடியாது. தட்பவெப்பமும் நிலமும் மாறும்போது பூச்சி எப்படி மாறுகிறது என்று அறிய, இறந்துபோனவர்களின் நாட்குறிப்புகளையும் நாளிதழ்ச் செய்திகளையும் துணைக்கு அழைத்தே ஆகவேண்டும்.

இவ்வளவு பூச்சிகள் ஒரே நேரத்தில் வருவதில்தான் இந்த உயிரினத்தின் பிழைப்பே இருக்கிறது. மேஜிசிக்காடா கடிக்காது, கொட்டாது, வேகமாகப் பறக்கவும் தெரியாது. கையால் எடுத்தாலும் ஓடாது. பறவை, அணில், ரக்கூன், ஆமை, மீன் என்று எல்லாம் அதைத் தின்கின்றன. ஆனால் இல்லினாய் மாநிலத்தின் ஆற்றோரக் காடு ஒன்றில் ஏக்கருக்கு 15 லட்சம் வரை பூச்சிகள் வெளிவந்ததாக 1956இல் கணக்கெடுக்கப்பட்டது. தின்பவை முதல் சில நாட்களிலேயே வயிறு நிறைந்து ஓய்ந்துவிடும். மிஞ்சியவை முட்டையிடும். கூட்டம் சிறுத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். சில நூறு பூச்சிகள் மட்டும் வெளிவரும் தோட்டத்தில் பறவைகள் ஒன்றையும் விடாமல் பொறுக்கித் தின்றுவிடுகின்றன. அங்கே அடுத்த தலைமுறை இல்லை. எண்ணிக்கை, ஒருங்கே வருதல் இரண்டில் எது குலைந்தாலும் அணி அழியும். சுற்றுச்சூழல் மாற்றம் இந்த இரண்டையும் ஒருசேரத் தொடுகிறது என்பதுதான் கவலைக்குரியது.

வெளிவரும் காலத்தை இரண்டு கடிகாரங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஆண்டை எண்ணுகிறது. மற்றது நாளைக் குறிக்கிறது.

ஆண்டை எண்ணுவது மரத்தின் துணையோடு நடக்கிறது. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் இளம்பூச்சிக்குச் சூரியனோ பருவமோ நேரடியாகத் தெரியாது. அது குடிப்பது வேரின் நீர்க்குழாய்களில் ஓடும் சத்துக் குறைந்த சாறு. குளிர்காலம் முடிந்து மரம் தளிர்க்கும்போது அந்தச் சாற்றில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் இந்த மாற்றத்தையே பூச்சி எண்ணுகிறது என்ற கருத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கார்பனும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியான ஆய்வில் சோதித்துக் காட்டினர். 15 வயதான இளம்பூச்சிகளைக் கொண்டுவந்து பீச் மரங்களின் வேர்களில் விட்டார்கள். சில மரங்களை ஒரே ஆண்டில் இருமுறை தளிர்க்கச் செய்தார்கள். அந்த மரங்களில் வளர்ந்த பூச்சிகள் ஓராண்டு முன்னதாகவே வெளிவந்தன. கழிந்த காலத்தைப் பூச்சி அளக்கவில்லை, மரத்தின் தளிர்ப்பையே எண்ணியிருக்கிறது.

அறிவியலாளர்கள் தோட்டத்தில் செய்ததை 2007இல் இயற்கையே செய்தது. ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் அந்த ஜனவரியில் வழக்கத்தை மீறிய வெப்பம் நிலவியது. வசந்தம் வந்ததென்று எண்ணி மேப்பிள் மரங்கள் விழித்துக்கொண்டன. பின்னர் உறைபனி அடித்து அது நின்றது. உண்மையான வசந்தத்தில் மரங்கள் மறுபடி துளிர்த்தன. 2008இல் வெளிவர வேண்டிய 14ஆம் அணியைச் சேர்ந்த சில்வண்டுகளில் ஒரு பகுதி அந்த 2007 மே மாதமே வெளியே வந்தது. மரத்தின் இரண்டு விழிப்புகளை அவை இரண்டு ஆண்டுகளாக எண்ணிவிட்டன என்பது, இந்தப் பூச்சிகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்துவரும் ஜீன் கிரிட்ஸ்கி போன்றோர் தரும் விளக்கம். குளிர்காலத்தின் நடுவே வெப்ப அலைகள் வருவது பெருகினால் இவ்வகைப் பிழைகளும் பெருகும்.

இரண்டாவது கடிகாரம் மண்ணின் வெப்பம். கடைசி ஆண்டு வசந்தத்தில் முதிர்ந்த இளம்பூச்சிகள் மேல்மண் வரை சுரங்கம் அமைத்துக்கொண்டு காத்திருக்கும். ஈரமான இடங்களில் சுரங்க வாய்க்கு மேல் சேற்றால் சிறு குழாய் போலக் கட்டிவைப்பதும் உண்டு. ஏறத்தாழ 20 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸை எட்டியதும், பெரும்பாலும் வெதுவெதுப்பான மழை ஒன்று பெய்தபின், மாலை மயங்கும் நேரத்தில் அவை கிளம்புகின்றன. அருகிலுள்ள மரத்திலோ சுவரிலோ ஏறி, சட்டை உரித்து, வெள்ளையாக வெளிவந்து, விடிவதற்குள் கறுத்துக் கெட்டிப்படுகின்றன. நான்கைந்து நாட்களில் ஆண்பூச்சிகள் பாடத் தொடங்கும்.

மண் முன்னதாகவே சூடேறினால் இந்த நாளும் முன்னே நகரும். சின்சினாட்டியில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மே மாதக் கடைசியில் வெளிவந்த பூச்சிகள் இப்போது ஏறத்தாழ இரண்டு வாரம் முந்தி வருவதாகப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுக் கிரிட்ஸ்கி காட்டியிருக்கிறார். நாள் முன்னே நகர்வது மட்டுமே அணியை அழித்துவிடாது. எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் போதும். சிக்கல் எழுவது மண்ணின் வெப்பம் இடத்துக்கு இடம் வேறுபடும்போது. தெற்கு நோக்கிய சரிவு, வெயில் படும் புல்வெளி, வீட்டுச் சுவரை ஒட்டிய மண் ஆகியவை முதலில் சூடேறுகின்றன. அடர்ந்த காட்டின் நிழல் மண் பிந்துகிறது. தார்ச்சாலையும் கான்கிரீட்டும் சூழ்ந்த நகரம் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதால் அங்குள்ள பூச்சிகள் காட்டுப் பூச்சிகளை முந்துகின்றன. வெளிவந்த பிறகு குளிரான நாட்கள் குறுக்கிட்டால் அவற்றால் பாடவோ பறக்கவோ முடியாது. கூட்டம் பல வாரங்களுக்குச் சிதறி வந்தால் தின்பவற்றுக்கு ஒவ்வொரு நாளும் விருந்து, வயிறு நிறையாது.

ஓராண்டு முந்துவதைவிட ஆய்வாளர்களை அதிகம் ஈர்ப்பது நான்காண்டுத் தாவல். 17 ஆண்டுப் பூச்சிகளில் சில 13ஆம் ஆண்டிலேயே வெளிவருகின்றன. சிக்காகோ புறநகர்களில் 1973இல் வர வேண்டிய 13ஆம் அணியின் பூச்சிகள் 1969இலேயே பெருமளவில் வெளிவந்தன. அதே பகுதியில் 2003இலும் 2020இலும், உரிய ஆண்டுக்கு நான்காண்டு முன்னதாக, மறுபடி கேட்டது அந்த ஓசை. 2021இல் வர வேண்டிய 10ஆம் அணியைச் சேர்ந்தவை 2017 மே மாதம் வாஷிங்டன், பால்ட்டிமோர், சின்சினாட்டி சுற்றுவட்டாரங்களில் வெளிப்பட்டன. சில இடங்களில் மரம் நிறையப் பாடும் அளவுக்கு இருந்தன.

இந்த நான்கு என்ற எண் தற்செயலாக இருக்க முடியாது. 17க்கும் 13க்கும் உள்ள இடைவெளியே நான்கு. இளம்பூச்சிகள் ஐந்து வளர்ச்சிப் படிகளைக் கடக்கின்றன. 17 ஆண்டுப் பூச்சிகள் தொடக்க ஆண்டுகளில் மிக மெதுவாக வளர்வது 1970களிலேயே கவனிக்கப்பட்டது. போதிய உணவு கிடைத்து விரைவாக வளர்ந்த பூச்சி, அந்த மந்த காலத்தைத் தாண்டி நான்காண்டு முன்னதாகவே முதிர்ந்துவிடலாம் என்பது பரவலாகப் பேசப்படும் கருதுகோள். தட்பவெப்ப மாற்றம் இதில் நுழைவது மரத்தின் வழியாக. குளிர்காலம் குறுகி, மரம் இலையோடு நிற்கும் காலம் நீண்டால், வேரில் சாறு ஓடும் நாட்களும் கூடும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சைமன் போன்றோர், வெப்பம் தொடர்ந்து உயர்ந்தால் 17 ஆண்டு அணிகள் பலவும் காலப்போக்கில் 13 ஆண்டு அணிகளாக மாறக்கூடும் என்கின்றனர். ஏற்கெனவே வளர்காலம் நீண்ட தெற்கில் 13 ஆண்டும், குறுகிய வடக்கில் 17 ஆண்டும் நிலவுவது இந்தக் கருத்துக்கு வலு சேர்க்கிறது.

கடந்த காலமும் சான்று சொல்கிறது. இந்தப் பேரினத்தின் மூன்று கிளைகள் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மரபணு ஒப்பீடுகளின்படி, ஒவ்வொரு கிளைக்குள்ளும் 13 ஆண்டு, 17 ஆண்டு வகைகள் தனித்தனியே பிரிந்திருக்கின்றன. பனிப்படலங்கள் முன்னேறியும் பின்வாங்கியும் காடுகளை இடம்பெயர்த்த காலத்தில் இந்த மாற்றங்கள் நடந்தன. 2000இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்ட மேஜிசிக்காடா நியோட்ரெடெசிம் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. இல்லினாய் உள்ளிட்ட நடுமேற்குப் பகுதியில் இருந்த 17 ஆண்டுப் பூச்சிகளே 13 ஆண்டுக் கணக்குக்குத் தாவி, இந்த இனமாகின. தெற்கிலிருந்து வந்த மற்றொரு 13 ஆண்டு இனத்தோடு அவை சந்திக்கும் எல்லையில், இணையைச் சரியாக அடையாளம் காணவென்றே நியோட்ரெடெசிமின் பாட்டு ஓசை மேலும் உயர்ந்திருக்கிறது. ஆகவே கணக்கை மாற்றிக்கொள்ளும் திறன் இந்த உயிரினத்துக்கு உண்டு. ஆனால் அது பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல நடந்தது. இன்றைய வெப்ப உயர்வு ஒரு நூற்றாண்டுக்குள், அதாவது இந்தப் பூச்சியின் ஆறேழு தலைமுறைகளுக்குள், நடந்துகொண்டிருக்கிறது.

முந்தி வரும் பூச்சிகளின் கதி அவற்றின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கொஞ்சமாக வந்தால் பறவைகளுக்கு இரை. தாய் அணிக்கும் அத்தனை இழப்பு. போதிய அளவு வந்து முட்டையிட்டால் அங்கே புதிய அணி ஒன்று பிறக்கிறது. சின்சினாட்டிப் பகுதியில் 2000ஆம் ஆண்டில், 10ஆம் அணியின் உரிய வருகைக்கு நான்காண்டு முன்னதாக வந்த பூச்சிகள் முட்டையிட்டன. அவற்றின் வாரிசுகள் வர வேண்டிய ஆண்டு 2017. அதே 2017இல் 10ஆம் அணியிலிருந்து புதிதாகத் தாவியவையும் வெளிவந்தன. இரண்டையும் கண்ணால் பிரித்தறிய வழியில்லை. பூச்சிகளைப் படம் எடுத்து அனுப்பும் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியே பொதுமக்கள் லட்சக்கணக்கான படங்களை அனுப்புகின்றனர். இதனால் முன்பு கண்ணில் படாத சிறு வெளிப்பாடுகளும் இப்போது பதிவாகின்றன. தாவல்கள் உண்மையிலேயே கூடிவிட்டனவா, அல்லது பார்க்கும் கண்கள் கூடிவிட்டனவா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் நேர்மையாகவே எழுப்புகிறார்கள்.

நில மாற்றத்தின் விளைவில் அத்தகைய ஐயம் எதுவும் இல்லை. பதிவில் இருந்த இரண்டு அணிகள் அழிந்தே போயின. ஃபுளோரிடாவின் வடமேற்கில் இருந்த 21ஆம் அணி கடைசியாகக் காணப்பட்டது 1870இல். கனெக்டிகட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் பகுதிகளில் வாழ்ந்த 11ஆம் அணி 1954இல் கடைசியாகக் கேட்டது. 1971இலும் அதன் பின்னும் அது திரும்பவில்லை. 17 ஆண்டுப் பூச்சிகளின் வாழ்பரப்பில் வட எல்லையை ஒட்டி, முன்பே மெலிந்திருந்த அணி அது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் விவசாயத்துக்காக நியூ இங்கிலாந்துக் காடுகள் பெரும்பகுதி வெட்டப்பட்டன. பிறகு விவசாயம் மேற்கே நகர, அந்தக் காடுகள் மறுபடி வளர்ந்தன. சில்வண்டுகள் மட்டும் வரவில்லை. ஒரு பூச்சி பிறந்த மரத்திலிருந்து சில நூறு அடிகளுக்கு அப்பால் பறப்பதே அரிது. அப்படிப் பறந்தாலும், அடுத்த வாய்ப்பு 17 ஆண்டுகள் கழித்துத்தான். ஓரிடத்தில் அற்றுப்போனால் அது பெரும்பாலும் நிரந்தரமாகவே அற்றுப்போகிறது.

நியூயார்க் மாநிலத்தின் 7ஆம் அணி இப்போது அந்த விளிம்பில் நிற்கிறது. ஃபிங்கர் ஏரிகள் பகுதியில் பல மாவட்டங்களில் பரவியிருந்த அது சுருங்கிச் சுருங்கி, இன்று முக்கியமாக ஒனொண்டாகா பழங்குடியினரின் நிலத்தில் எஞ்சியிருக்கிறது. அந்த மக்களுக்கு இந்தப் பூச்சி வெறும் வேடிக்கைப் பொருளாக இருந்ததில்லை. அமெரிக்க விடுதலைப் போரின்போது 1779இல் ஜார்ஜ் வாஷிங்டனின் படைகள் அவர்களின் குடியிருப்புகளையும் பயிர்களையும் எரித்தன. பட்டினி கிடந்த மக்களுக்கு அடுத்து வந்த சில்வண்டுகளே உணவாகி உயிர் காத்ததாக அவர்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. அந்த நினைவுக்காக இன்றும் அவை வெளிவரும் ஆண்டில் பிடித்து வறுத்து உண்கிறார்கள். 2018இல் வந்த அந்த அணியின் அடுத்த வருகை 2035இல். ஒரு பழங்குடியின் நிலம் காடாகவே விடப்பட்டதால் ஓர் அணி பிழைத்திருக்கிறது என்பது இந்த வரலாற்றில் ஆறுதல் தரும் செய்தி.

புறநகர் விரிவாக்கத்தின் விளைவு இருமுகம் கொண்டது. பெண்பூச்சி பென்சில் பருமனுள்ள இளங்கிளைகளைக் கீறி, அதில் தொகுதி தொகுதியாக மொத்தம் 400 முதல் 600 முட்டைகள் வரை இடுகிறது. வெயில் படும் காட்டோரக் கிளைகளே அதற்கு மிகவும் பிடித்தவை. எனவே பழைய மரங்களை வெட்டாமல், மண்ணைக் கிளறாமல் வீடு கட்டிய பழைய குடியிருப்புகளில் சில்வண்டுகள் செழித்தே வாழ்கின்றன. வாஷிங்டன் சுற்றுவட்டாரம் இதற்குச் சான்று. புல்டோசர் கொண்டு மேல்மண்ணை வழித்தெடுத்து, தரையைச் சமப்படுத்தி, வாகன நிறுத்தமோ வணிக வளாகமோ எழுப்பிய இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. 17 ஆண்டுகளில் எந்த ஓர் ஆண்டில் அந்த வேலை நடந்தாலும் முழுத் தலைமுறையும் போய்விடும். பின்னர் நட்ட மரக்கன்றுகளின் அடியில் இளம்பூச்சிகள் இருக்கப்போவதில்லை. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 10ஆம் அணி இவ்வாறு மெலிந்து, ஏறத்தாழ மறையும் நிலைக்கு வந்துவிட்டது.

மரத்தைத் தாக்கும் வேற்றுநாட்டுப் பூச்சியும் சில்வண்டுக்கு எமனாகலாம். ஆசியாவிலிருந்து வந்து 2002இல் மிஷிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட மரகதநிற வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. சில்வண்டுகள் முட்டையிட்டு வேரில் வளரும் மரங்களுள் ஆஷும் ஒன்று. மரம் பட்டுப்போனால் அதன் வேரை நம்பியிருக்கும் இளம்பூச்சிகளில் அருகே வேறு வேர் கிடைக்காதவை மடியும்.

இந்தப் பூச்சிகள் குறைந்தால் இழப்பு அவற்றோடு நிற்பதில்லை. செத்து விழும் உடல்கள் மண்ணில் நைட்ரஜனைக் கூட்டுவதையும், அதனால் காட்டுத் தரையில் வளரும் ஒருவகை மணிப்பூச் செடியின் விதைகள் பெரிதாவதையும் லூயி யாங் என்ற ஆய்வாளர் 2004இல் சயன்ஸ் இதழில் எழுதினார். 2021இல் 10ஆம் அணி வெளிவந்தபோது மேரிலாந்துக் காடுகளில் நடந்த ஆய்வு வேறொரு சங்கிலியைக் காட்டியது. 80க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் சில்வண்டு தின்னத் திரும்பின. அவை தின்னாமல் விட்ட புழுக்கள் ஓக் மரங்களில் இருமடங்காயின. இலைகள் கூடுதலாக அரிக்கப்பட்டன. ஒரு காட்டின் மண், செடி, புழு, பறவை அனைத்தும் 17 ஆண்டுக்கு ஒருமுறை இந்த வருகைக்கேற்ப ஏறி இறங்குகின்றன.

காலக்கணக்கு வைத்து வரும் சில்வண்டுகள் அமெரிக்காவுக்கு வெளியே மிகச் சிலவே. ஃபிஜித் தீவில் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் இனம் ஒன்று உண்டு. இந்தியாவில் மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் நான்காண்டுக்கு ஒருமுறை வெளிவரும் கிரெமிஸ்டிகா ரிபோய் 2013இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அங்குள்ள மக்கள் இரவில் தீப்பந்தம் ஏந்திச் சென்று அவற்றைப் பிடித்து உண்பது வழக்கம். சிறு பரப்புக்குள் வாழும் அந்த இனத்துக்கு ஒரு மூங்கில் காடு போவதே பெரிய அடி.

அமெரிக்காவில் 2024 வசந்தத்தில் 13 ஆண்டுக் கணக்குள்ள 19ஆம் அணியும் 17 ஆண்டுக் கணக்குள்ள 13ஆம் அணியும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. 1803க்குப் பிறகு அவை சேர்ந்து வந்தது அதுவே முதல் முறை. கணக்கு மாறாதிருந்தால் அடுத்தது 2245இல். 2025இல் 14ஆம் அணி வந்து போனது. தாவல் பற்றிய கேள்விக்கு விடை தரக்கூடிய ஆண்டு 2034. 6ஆம் அணியின் உரிய ஆண்டு அது. 10ஆம் அணி முறைப்படி வர வேண்டியது 2038. அதிலிருந்து நான்காண்டு முந்துபவை 2034இல் வெளிவரும். 2000இலும் 2017இலும் சின்சினாட்டியில் முட்டையிட்டவற்றின் வாரிசுகள் பிழைத்திருந்தால் அவையும் அதே மே மாதத்தில் வரும். 2017ஐவிட அவை பெருகியிருந்தால், 10ஆம் அணியின் ஒரு பகுதி தன் கணக்கை மாற்றிக்கொண்டுவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு முன், இப்போது அந்த மண்ணில் இருக்கும் இளம்பூச்சிகளுக்கு மேலே மரங்கள் நின்றாக வேண்டும்.